படத்தின் பின்பக்கம்

கமரா வைத்திருக்கும் ஒருவரிடம் அதைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்த ஆண்டு வாங்கியது, யார் கொண்டுவந்து கொடுத்தது, என்ன விலை, வில்லை எந்த நாட்டுச் செய்கை, தோலுறை எப்போது கிழிந்தது என்று ஒரு பரம்பரைக் கதையே சொல்வார். சொல்லிக்கொண்டே மெல்லிய துணியொன்றினால் அதைத் துடைத்துக்கொள்வார். வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டால் அவர் முகம் மாறிவிடும். இனி அதே மனிதரிடம் வேறொரு கேள்வியைக் கேளுங்கள். “இந்தக் கமராவில் நீங்கள் முதலில் எடுத்த படம் எங்கே? அதன் நெகட்டிவ் இருக்கிறதா? அந்தப் படத்தில் நிற்பவர்கள் யார் யார்?” பெரும்பாலும் மறுமொழி உடனே வராது. நேயர்களே, இன்று நாம் பேசப் போவது வராத அந்த மறுமொழியைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கமராவின் மீது ஆசை வைத்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் சிலர். பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர். அவர்களுடைய ஆசை இல்லாதிருந்தால் நம்முடைய பாட்டன் பாட்டியரின் முகம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆயினும், நாம் பேணியது எது, பேணாமல் விட்டது எது என்று கணக்குப் பார்த்தால், கருவியைப் பேணிய அளவுக்குப் படத்தைப் பேணவில்லை, படத்தைப் பேணிய அளவுக்குப் படத்தில் இருப்பவரின் பெயரைப் பேணவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கமரா என்பது இலத்தீன் மொழியில் அறை என்று பொருள்படும் சொல். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். இந்த உண்மையைப் பண்டைக் காலத்தவர் அறிந்திருந்தனர். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் இதனை விரிவாக ஆராய்ந்தார். அந்த இருட்டறைதான் காலப்போக்கில் சுருங்கிக் கைக்குள் அடங்கும் பெட்டியாயிற்று. பெட்டிக்குள் விழும் படத்தை நிலைநிறுத்தும் கலைக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் கிரேக்கச் சொற்களால் ஆனது. ஒளியால் எழுதுதல் என்பது அதன் பொருள். ஆகவே ஒளிப்படம் என்று நாம் வழங்கும் சொல் மூலப் பொருளுக்கு மிக நெருங்கியது. நிழற்படம், புகைப்படம் என்றும் எழுதுகிறோம். நம்முடைய கிராமங்களிலோ அது வெறும் ‘படம்’ தான். எழுதுதல் என்ற கருத்தை மட்டும் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்ப வருவோம்.

1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 19ஆம் திகதி பாரிஸ் நகரில் டாகர் என்பவரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயடீன் ஆவியில் பிடித்து, கமராவில் ஒளிகாட்டி, பின்னர் பாதரச ஆவியில் காட்டிப் படத்தை வரவழைக்கும் முறை அது. படம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அதற்குப் பிரதி இல்லை. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் வேறு வழியில் சென்றார். அவர் கடதாசியில் முதலில் எதிர்ப்படத்தைப் பெற்று, அதிலிருந்து வேண்டிய அளவு நேர்ப்படங்களை எடுத்தார். 1841ஆம் ஆண்டில் அதற்கு உரிமையும் பெற்றார். நெகட்டிவ் என்று நாம் சொல்லும் பொருளின் பிறப்பு இதுதான். ஏட்டுச் சுவடி மரபில் மூல ஏடு என்ற ஒன்று உண்டல்லவா? படங்களின் உலகில் நெகட்டிவ்தான் மூல ஏடு. மூல ஏடு போனால் எஞ்சிய பிரதிகளே கதி.

1851ஆம் ஆண்டில் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்னும் பசை நீர்மத்தைப் பூசும் முறையைக் கண்டார். படம் நுட்பமாக வந்தது. தொல்லையும் வந்தது. தட்டு ஈரமாக இருக்கும்போதே ஒளிகாட்டி, ஈரம் காயுமுன்னரே கழுவி முடித்துவிட வேண்டும். ஆகவே படம் பிடிக்கப் போகிறவர் பாரமான கமராவோடு கண்ணாடித் தட்டுகள், மருந்துப் போத்தல்கள், தண்ணீர், இருட்டுக் கூடாரம் ஆகியவற்றையும் காவிச் செல்ல வேண்டும். நம்முடைய நாட்டு வெப்பத்திலும் தூசியிலும் இந்த வேலை எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யோசப் லோட்டன் என்பவர் 1870, 71ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை இந்த முறையிலேயே படம் பிடித்தார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலும் எஸ். கே. லோட்டன் என்ற பெயருடைய ஒருவர் படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். அக்காலத்தில் படத்தை ஒட்டும் தடித்த அட்டையில் படம் பிடித்தவரின் பெயரை அச்சிடும் வழக்கம் இருந்தது. படத்தில் இருப்பவரின் பெயரோ பல வேளைகளில் எங்குமே இராது. தமிழ்ப் பெண், நாவிதர், நெசவாளர் என்று சாதியையோ தொழிலையோ குறித்துப் பயணிகளுக்கு விற்ற படங்களே மிகுதி.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஒரு பெரிய கலைஞரிடமிருந்தே கிடைக்கிறது. பாடசாலையில் இலங்கை வரலாறு படித்த எல்லோருக்கும் கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவைத் தெரியும். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அக்குழுவில் ஒருவரான சார்ள்ஸ் ஹே கமரன் அவர்களின் மனைவி யூலியா மார்கரெட் கமரன். கல்கத்தாவில் பிறந்த அவருக்கு, இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், 1863ஆம் ஆண்டு டிசெம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி ஓய்ந்திருக்க வேண்டிய வயது என்று நாம் நினைப்போம். அவரோ நிலக்கரி போடும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டுக்குக் கண்ணாடி போட்டுப் படம் பிடிக்கும் கூடமாக்கினார். கைகள் வெள்ளி நைத்திரேற்றுப் பட்டுக் கறுத்தன. அந்தக் கறையைப் பொருட்படுத்தாமல் கவிஞர் தெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியலறிஞர் ஹேர்ஷல் முதலியோரின் முகங்களைக் காலம் மறக்க முடியாதபடி பதிந்து வைத்தார்.

1875ஆம் ஆண்டில் கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் ஊர் மக்களையும் தோட்டங்களில் உழைத்த தமிழரையும் படம் பிடித்தார். இங்கே எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. 1879ஆம் ஆண்டு ஜனவரியில் மலைநாட்டில் இறந்த அவரைப் பொகவந்தலாவையில் உள்ள சிறிய தேவாலயத்தின் வளவில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கமரா இங்கிலாந்தில் பார்த்த முகத்தையும் இலங்கையில் பார்த்த முகத்தையும் ஒரே மரியாதையோடுதான் பார்த்தது. ஆனால் தெனிசனின் படத்தில் தெனிசன் என்று எழுதியிருக்கிறது. களுத்துறைப் படத்தில் குடியானவர்கள் என்று மட்டுமே இருக்கிறது. அந்தப் பெண் யாருடைய மகள்? எந்த ஊரிலிருந்து வந்தவள்? அவளுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எங்கேனும் வாழக்கூடும். அந்தப் படத்தை ஒரு நூலில் கண்டாலும் தங்கள் பூட்டியைத்தான் காண்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

படம் பிடிப்பது கலையா, வெறும் இயந்திர வேலையா என்ற வாதம் நீண்ட காலம் நடந்தது. அந்த வாதத்தில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு வேண்டிய படங்களை அவருடைய மனைவி எதெல் எடுத்து உதவினார். பின்னர் குமாரசுவாமி அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையில் பணிபுரிந்தபோது, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்களை 1924ஆம் ஆண்டில் அந்த நூதனசாலைக்குப் பெற்றுக்கொடுத்தார். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய மண்டபத்தில் ஒளிப்படமும் கலைப்பொருளாக ஏறி அமர்ந்தது. தாமும் கமரா பிடித்துப் பழகியவர் அவர். எனினும் அவர் அங்கே சேர்த்து வைத்தது கமராவை அன்று, படங்களை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு மாறான ஒரு துயரம் கொழும்பில் நிகழ்ந்தது. லயனல் வென்ற் 1900ஆம் ஆண்டில் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பதில் வல்லவர். முப்பதுகளில் ரொலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய கமராக்களோடு அவர் கொண்ட உறவு, இசைக் கலைஞருக்கு வாத்தியத்தோடு உள்ள உறவு போன்றது. மீனவர், உழவர், நடனக்காரர், கடற்கரை, கோயில் என்று இந்நாட்டின் வாழ்வை அவர் பதிந்தார். 1938ஆம் ஆண்டில் இலண்டனில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1944ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் திடீரென இறந்தார். அதன் பின்னர் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. நண்பர்கள் எஞ்சிய அச்சுப் படங்களைத் திரட்டி 1950ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்கள். நாட்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞர் என்று போற்றப்படும் ஒருவருடைய மூல ஏடுகளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கிராமத்துப் படக்காரரின் நெகட்டிவ்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஈஸ்ற்மன் நூறு படங்கள் எடுக்கக்கூடிய சுருளோடு கொடாக் கமராவை விற்கத் தொடங்கினார். 1900ஆம் ஆண்டில் ஒரு டொலர் விலையில் பிரௌனி என்ற பெட்டிக் கமரா வந்தது. 1925ஆம் ஆண்டில் சினிமாப் பிலிமைப் பயன்படுத்தும் சிறிய லைக்கா சந்தைக்கு வந்தது. கூடாரமும் மருந்துப் போத்தலும் காவித் திரிந்த தொழில் இவ்வாறு சட்டைப்பைக்குள் அடங்கும் பொழுதுபோக்காயிற்று. இதே காலத்தில்தான் நம்மவர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் வேலைக்குச் சென்றார்கள். பென்சன் பெற்று ஊர் திரும்பியவர்கள் மணிக்கூடும் சைக்கிளும் கொண்டுவந்ததுபோலக் கமராவும் கொண்டுவந்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பெண் வீட்டார் முதலில் படத்தில்தான் பார்த்தார்கள். பிறந்த பிள்ளையின் முகத்தைத் தகப்பன் முதலில் படத்தில்தான் பார்த்தார். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பழைய அச்சம் மெல்ல மெல்ல விலகியது.

ஆசை கொண்டவர்கள் படம் எடுப்பதோடு நிற்கவில்லை. வீட்டில் ஓர் அறையின் சாளரங்களைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கைக் கொளுத்தி, தாமே பிலிம் கழுவினார்கள். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்து கொஞ்சமேனும் மிஞ்சினால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளித்து மங்கிவிடும். ஆகவே வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிக் கழுவ வேண்டும். நம்முடைய கிணற்று நீரோ சுண்ணாம்புக் கற்பாறைக்குள் ஊறி வருவது. காய்ந்ததும் பிலிமில் வெள்ளைத் திட்டுகளை விட்டுச் செல்லும். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீரைச் சேர்த்து வைப்பது அறிந்தவர்களின் கைமருந்து. இவ்வளவு பொறுமை ஒரு படத்துக்குப் பின்னால் இருந்தது.

கமராவைக் காப்பதிலும் ஒரு விசித்திரம் உண்டு. மாரிகாலத்து ஈரலிப்பில் வில்லையின் மேல் பூஞ்சணம் படரும். சிலந்தி வலைபோல வெள்ளை நூல்கள் ஓடும், கண்ணாடியையே அரித்துவிடும். இதற்கு அஞ்சிய பலர் கமராவைத் தோலுறைக்குள் இட்டு அலுமாரிக்குள் பூட்டி வைத்தார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருட்டும் ஈரமும் காற்றோட்டமின்மையும் பூஞ்சணத்துக்குப் பிடித்தவை. வெளிச்சத்திலும் காற்றிலும் வைத்து அடிக்கடி பயன்படுத்திய கமராக்கள் பிழைத்தன. ஆசையோடு பூட்டி வைத்தவை பழுதாகின. பற்றுக்கும் பேணுதலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த நூல் சொல்லும்?

பொழுதுபோக்காளருக்கு அப்பால், பட்டினத்திலும் சந்திகளிலும் இருந்த ஸ்ரூடியோக்களுக்கு அரசாங்கமே ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972ஆம் ஆண்டு முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. வாழ்நாளில் ஒருமுறையும் கமராவுக்கு முன் நின்றறியாத தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் கூலிப் பெண்களும் ஸ்ரூடியோ வாங்கில் வந்து அமர்ந்தார்கள். பிற்காலத்தில் சோதனைச் சாவடிகளில் அந்தச் சிறிய கறுப்பு வெள்ளைப் படமே ஒருவர் வீடு திரும்புவதை முடிவுசெய்யும் பொருளாயிற்று. யுத்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அப்போதும் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். பரீட்சைக்குப் படம் வேண்டும். பற்றரி இல்லாமலே இயங்கும் பழைய கமராக்களின் அருமையை அந்த ஆண்டுகளில்தான் எல்லோரும் உணர்ந்தார்கள். அந்த நாட்களில் தொழிலைக் கைவிடாத படக்காரர்களுக்கு நம்முடைய சமூகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

இழப்பின் பட்டியலும் அந்த ஆண்டுகளுக்கே உரியது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நாம் மறவாமல் சொல்கிறோம். வீடுகளில் அழிந்த படங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்களிலிருந்து அவர்கள் எதை எடுத்துச் சென்றிருக்க முடியும்? சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. காணி உறுதி, நகை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்பன பைக்குள் போயின. கமரா வைத்திருந்தவர்கள் கமராவையும் தோளில் மாட்டிக்கொண்டார்கள். கல்யாணப் படம் சட்டத்தோடு சுவரிலே தொங்கியது. நெகட்டிவ்கள் பழைய பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தன. உயிர் தப்பினால் போதும் என்ற அந்த வேளையில் யாரையும் குறைசொல்வதற்கில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பெருகியபோது வடமராட்சி கிழக்கின் கரையோர வீடுகளில் எஞ்சியிருந்தவையும் அள்ளுண்டு போயின.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது உயர்தர வகுப்பு மாணவர்களிடம், வீட்டில் உள்ள மிகப் பழைய படத்தைக் கொண்டுவந்து அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி கூறினேன். சிலர் படத்தோடு வந்தார்கள். பலர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு மாணவனிடம் இருந்தது அப்பப்பாவின் அடையாள அட்டையின் பிரதி மட்டுமே. அதில் முகத்தின் பாதி கறுத்திருந்தது. ஒரு மாணவன் ஏழு பேர் நிற்கும் குழுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தான். “சேர், இதில இரண்டு பேரைத்தான் அம்மம்மாவுக்குத் தெரியும். மற்ற ஆக்களை ஆச்சிக்குத்தான் தெரிஞ்சிருக்குமாம். ஆச்சி செத்துப் போனா” என்றான். படம் பழுதில்லாமல் இருந்தது. நன்றாகக் கழுவி, நன்றாக அச்சிட்ட படம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்தும் இல்லை. ஐந்து மனிதர்கள் அந்த அட்டையில் இருந்தும் இல்லாதவர்களாக நின்றார்கள்.

படத்துக்கு இன்னொரு பொறுப்பும் நம்முடைய மண்ணில் வந்து சேர்ந்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாய்மார் தெருவில் அமர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். கிளிநொச்சியில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய கைகளில் உள்ள படங்களை அருகே சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சில படங்கள் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தவை. சில ஒரு கல்யாண வீட்டுக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்தவை, பக்கத்தில் நின்றவரின் தோள் இன்னும் ஓரத்தில் தெரியும். அந்தப் படங்களை எந்தக் கமரா எடுத்தது என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. படம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. படமும் இல்லாத தாய்மார் வெறும் பெயரை எழுதிய அட்டையோடு இருக்கிறார்கள்.

பிற நாடுகளில் இத்தகைய இழப்பை எதிர்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானைக் கடல் தாக்கியபோது, சேற்றில் புதைந்த குடும்பப் படங்களை மீட்பதற்கென்றே தொண்டர்கள் திரண்டார்கள். படங்களை மெல்லத் தண்ணீரில் கழுவி, கயிற்றில் உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுக்கும்படி மண்டபங்களில் அடுக்கி வைத்தார்கள். நமக்கு அருகில், பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோக்களில் 1880 முதல் 1980 வரையான நூற்றாண்டில் எடுத்த படங்களையும் கண்ணாடித் தட்டுகளையும் தேடிக் கணினியில் பதிவு செய்தது. இங்கே 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் அமைப்பு நூல்களோடும் பத்திரிகைகளோடும் ஒளிப்படங்களையும் சேமித்து வருகிறது. வழி இல்லை என்று நாம் சொல்வதற்கில்லை.

எழுதுதல் என்ற சொல்லுக்குத் திரும்புவோம். போரில் வீழ்ந்த வீரனுக்குப் பழந்தமிழர் கல் நட்டார்கள். கல்லைக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, சிறப்புச் செய்வது, வாழ்த்துவது எனத் தொல்காப்பியம் அதற்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது. அந்தக் கல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்தார்கள். உருவம் மட்டும் போதாது, பெயரும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஏடு எழுதியவரும் இறுதி ஓலையில் எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் குறித்து வைப்பது உண்டு. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சுவடிகளைத் தேடி அலைந்தபோது, கட்டை அவிழ்த்தாலே ஓரம் உதிரும் ஏடுகளைக் கண்டு கலங்கியதைத் தமது பதிப்புரையில் எழுதியிருக்கிறார். அவர் அன்று ஏட்டுக்குச் செய்ததை இன்று நாம் படத்துக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. காலம் தாழ்ந்தால், உதிர்ந்த ஓலையைப்போலப் பெயர்களும் உதிர்ந்துவிடும்.

இது பெரிய பணச் செலவான காரியம் அன்று. வீட்டில் உள்ள படங்களை எடுத்து, மூத்தவர் ஒருவருக்கு அருகில் அமர்ந்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நிகழ்வு என்று கேட்டு, மெத்தென்ற பென்சிலால் பின்பக்கத்தில் மெதுவாக எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை வேண்டாம். அதன் முனை முன்பக்கத்தில் தடம் பதிக்கும், மையும் ஊறும். பசை தடவிய பக்கங்களைக் கொண்ட அல்பங்களிலிருந்து படங்களைக் கவனமாக விடுவியுங்கள். நெகட்டிவ்களைத் தனித்தனிக் கடதாசி உறைகளில் இட்டு, மாரியில் ஈரம் கசியும் சுவரோடு ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். பின்னர் அவற்றைக் கணினியில் பதிந்து, ஒரு பிரதியை வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளையவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு திருவிழாவில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறீர்கள். தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும். போகாமல் இருந்தாலும், பெயரில்லாத ஆயிரம் படங்களுக்குள் ஒரு முகத்தை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யார் தேடுவார்? புதிய கமரா வாங்கும் ஆசையை நான் குறைசொல்லவில்லை. நல்ல தச்சன் உளியைப் பேணுகிறான். நல்ல வித்துவான் நாதஸ்வரத்தைப் பேணுகிறார். ஆனால் தச்சன் செய்த கதவு வீட்டில் நிற்கிறது. படம் பிடிப்பவர் செய்த கதவு எங்கே என்று நாளைய தலைமுறை கேட்கும்.

நேயர்களே, இந்தப் பேச்சைக் கேட்டவர்களில், வாசித்தவர்களில், வீட்டில் ஒரு பழைய படமேனும் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். பெயர் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இன்னும் இருப்பார். அவருக்குக் கண் மங்கலாக இருக்கலாம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போதும்.